பேரிமலைப் பொன்விழா நாணயம்

மைக்கில் யாரோ மறுபடியும் ஊதிப் பார்த்தார்கள். ராக்கியப்பனுக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மைக்கை ஊதக் கூடாது, தட்டக் கூடாது, வாயைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு சாதாரணமாகப் பேசினால் போதும், அது வேண்டியதை எடுத்துக்கொள்ளும். ஃபாரஸ்ட் ரேஞ்ச் ஆபீஸ் வயர்லெஸ் அறையில் உட்கார்ந்து இத்தனை வருஷமாக எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்த சங்கதி. இன்றைக்கு அதைச் சொல்ல முடியாது. இன்றைக்கு அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஆள். பேரிமலை தேசியப் பூங்காவுக்குப் பொன்விழா, அதற்காக மத்திய சர்க்கார் வெள்ளியில் ஒரு நாணயம் அடித்து அனுப்பியிருக்கிறது, அதை மேடையில் வாங்கப்போகிறவர்களில் அவரும் ஒருத்தர். தலைவர்களுக்கு அடிப்பார்கள், பெரிய பெரிய காலேஜுகளுக்கு அடிப்பார்கள். இப்போது காட்டுக்கு அடித்திருக்கிறார்கள், அதுவும் அவருடைய காட்டுக்கு. அவருடைய காடு என்று வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாது, பக்கத்தில் வசந்தாமணி இருக்கிறாள், மூஞ்சி மாறிவிடும். மூஞ்சி மாறுவது கண் போனவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், கட்டிய மனைவியின் மூச்சு தெரியாதா என்றுதான் சொல்ல வேண்டும். சிறப்பு விருந்தினர் கிணத்துக்கடவு தாண்டிவிட்டார் என்று சொல்லியே வெகு நேரமாகிவிட்டது. கீழே சாப்பாட்டுக்கூடத்தில் சாம்பாருக்குத் தாளிக்கிற வாசனை பொள்ளாச்சியின் இந்தக் கல்யாண மண்டபம் முழுக்க ஏறிவிட்டது. காக்கிச் சட்டையின் கஞ்சி கழுத்தில் உறுத்தியது, உறுத்தட்டும். யூனிஃபார்ம் போட்டுத்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். வயர்லெஸ் அறைக்கு மாற்றிய பிறகு சட்டை வேட்டியே போதும் என்று ஆபீஸில் எப்போதோ சொல்லிவிட்டார்கள், ஆனால் அவர் ஒரு நாள்கூட அப்படிப் போனதில்லை. விடியும்போது ஒவ்வொரு முகாமாகக் கூப்பிடுவார். நரிப்பாறையிலிருந்து குரல் வரும், ஆலங்கொம்பிலிருந்து குரல் வரும், குரலுக்குப் பின்னால் மழை இருக்கிறதா, காற்று இருக்கிறதா, தூரத்தில் யானை மூங்கிலை முறிக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்பார். அப்படித்தான் அவர் தினமும் காட்டைச் சுற்றி வருகிறார். இப்போது அந்தக் குரல்களெல்லாம் பின்வரிசைகளில் உட்கார்ந்து குசுகுசுத்துக்கொண்டிருந்தன. அதில் ஒரு பீடி இருமல் மட்டும் தனியாகக் கேட்டது. மாகாளி. அவரைக் கரடியிடமிருந்து மீட்டு, முதுகில் போட்டுக்கொண்டு மலையிறங்கி ஓடி வந்த மலசர் குடி வாட்சர். அந்த இருமல் கேட்டால் போதும், மனசு ஒரு இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

வசந்தாமணி வந்திருப்பதே பெரிய விஷயம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் பேரிமலைப் பக்கம் தலை வைத்ததில்லை. மகள் கல்யாணத்துக்கு ஃபாரஸ்ட் ஆட்கள் திரண்டு வந்து பந்தி பரிமாறியபோதுகூட அவர்களோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை என்று மகள் பிறகு சொன்னாள். நேற்றுவரை வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. காலையில் பார்த்தால் பட்டுச்சேலை சரசரக்கிறது. அவருடைய தொப்பியைத் துடைக்கிறாள், பெல்ட்டின் பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கிறாள், கறுப்புக் கண்ணாடி நழுவாமல் இருக்கப் பின்னால் கயிறு கட்டுகிறாள், மூக்குத்தண்டு இல்லாத முகத்தில் கண்ணாடி வேறு எப்படி நிற்கும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவாளோ என்ற பயம். அவள் அப்படிப்பட்டவள், பேச்சு குறைவு, ஆனால் பேசினால் அது நிஜமாக இருக்கும். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் முகம் முழுக்கக் கட்டோடு கிடந்தபோது வந்தவர்களெல்லாம் பார்வை வந்துவிடும் என்றார்கள், அண்ணன் சொன்னான், ஆபீஸர்கள் சொன்னார்கள், சென்னைக்குக் கொண்டுபோனால் சரியாகிவிடும் என்று யாரோ டாக்டர் பேரெல்லாம் சொன்னார்கள். எல்லோரும் போன பிறகு அவளிடம் கேட்டார். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "போயிருச்சுங்க. ரெண்டும் போயிருச்சு. இனி நான் பாத்துச் சொல்றேன்" என்றாள். அன்றைக்கு அழுதார்தான். ஆனால் அந்த வார்த்தைதான் அவரை மறுபடியும் எழுப்பி உட்கார வைத்தது. தரை இருக்கிறது என்று தெரிந்தால்தானே கால் ஊன்ற முடியும். அதற்குப் பிறகு அவள் சொன்ன எதையும் அவர் சந்தேகப்பட்டதில்லை. தக்காளி பழுத்திருக்கிறது என்றால் பழுத்திருக்கும். மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை முழி சரியில்லை என்றாள், அந்தச் சம்பந்தத்தை அவர் மறுபேச்சில்லாமல் விட்டார்.

பூட்ஸ் சத்தம் அவள் பக்கமாக வந்து நின்றது. ரேஞ்சர் தேவசகாயம், வயதில் சின்னவர், திருநெல்வேலிப் பக்கத்து ஆள், அவரை எப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். இன்றைக்கு அண்ணே என்று கூப்பிடவில்லை. குனிந்து வசந்தாமணியின் காதில் என்னவோ சொன்னார். நாற்காலிகள் இழுபடுகிற சத்தத்தில் துண்டு துண்டாகத்தான் விழுந்தது. இப்பத்தான் பெட்டியப் பிரிச்சோம் அக்கா. எங்களுக்கே தெரியாது. அண்ணனுக்கு மனசு கஷ்டமா இருந்தா மேடைக்கு வர வேண்டாம், வீட்டுக்கே கொண்டாந்து தாரேன். பூட்ஸ் போய்விட்டது. வசந்தாமணியின் மூச்சு நின்று, பிறகு மெதுவாகப் புறப்பட்டது. என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றுமில்லை, நேரமாகும்போல என்றாள். நாணயத்தில் என்ன படம் போட்டிருக்கிறார்களாம் என்று கேட்டார். காலையிலிருந்து அவர் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததுதான் அது, புலியா, யானையா, இருவாச்சிப் பறவையா என்று. வளையல்கள் ஒருமுறை குலுங்கி அடங்கின.

"யானைங்க" என்றாள்.

யானை. நல்லது. யானையென்றால் பெருமைதான், பேரிமலை யானைகளுக்கு என்ன குறைச்சல். ஆலங்கொம்பு ஓடையில் கோடைக்காலத்தில் கூட்டம் இறங்கினால் தண்ணீர் கலங்கி நாள் முழுக்கச் செம்மண் நிறத்தில் ஓடும். ஒற்றைத் தந்தக்காரன் ஒருத்தன் முகாம் வாசலில் வந்து நின்று, உள்ளே இவர்கள் ரசம் கொதிக்கிற வாசனையைப் பிடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டுப் போவான். யானையென்றால் மேடைக்குப் போவதில் அவருக்கு என்ன மனக்கஷ்டம்? தேவசகாயம் ஏன் அண்ணே என்று கூப்பிடவில்லை. பெட்டியைப் பிரித்தால் யானைதானே இருந்தது, அதில் யாருக்குத் தெரியாமல் போக என்ன இருக்கிறது. ஒருவேளை வேறு விஷயமாக இருக்கலாம். நாணயம் குறைவாக வந்திருக்கும், கண் போன ஒருத்தருக்கு எதற்கு, பார்க்கிறவர்களுக்குக் கொடுப்போம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இல்லையென்றால் மைக்கில் அவரைப் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லப்போகிறார்கள். அந்தச் சொல்லைத்தான் அவரால் தாங்க முடியாது. பேப்பரில் அப்படித்தான் போட்டார்கள், கரடி தாக்கி வனக்காப்பாளர் படுகாயம் என்று. அதற்கு முன்னால் அவர் காட்டில் நடந்த நடை, வெட்டிய தீத்தடுப்புக் கோடு, அணைத்த காட்டுத்தீ, கண்ணி வைத்தவர்களைத் துரத்திப் பிடித்து மூங்கில் புதரில் கிழிபட்டது, எதுவும் இல்லை, கரடி தாக்கியது, அவ்வளவுதான். உச்சுக்கொட்டுவார்கள். உச்சுக்கொட்டுகிற சத்தம் எவ்வளவு கூட்டத்திலும் தனியாகக் கேட்கும். சரி, யானை என்றாளே, யானையாகவே இருக்கட்டும். வசந்தாமணி பொய் சொல்ல மாட்டாள். மாட்டாள் என்றால் ஏன் அவள் கை அவர் முழங்கையை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விட்டால் அவர் எழுந்து எங்கேயோ போய்விடுவார் என்பதுபோல. அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. யானை என்று இன்னொருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். சொன்னது வசந்தாமணியின் குரல்தான், ஆனால் அந்தக் குரல் அவளுடையதுபோல இல்லை. ஆஸ்பத்திரியில் வந்து போனவர்களின் குரல்போல இருந்தது.

கரடி. அந்தச் சொல்லை அவர்தான் நினைத்தாரா, அது தானாக வந்ததா தெரியவில்லை. வீட்டில் அந்தச் சொல் புழங்குவதில்லை. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் மாகாளி சொல்கிற கதை. மாகாளி நல்லவன், ஆனால் கதை சொல்லத் தெரிந்தவன், அவன் சொல்லச் சொல்லக் கரடி வளர்ந்துகொண்டே போனது, பல் நீண்டது, உறுமலில் மலை அதிர்ந்தது. வசந்தாமணி கேட்டதும் அந்தக் கரடியைத்தான், அவள் வெறுப்பதும் அதைத்தான். ஆனால் அவர் பார்த்தது வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒருநாள் சொல்ல வாயெடுத்தார், அது எப்படி இருந்துச்சு தெரியுமா என்று ஆரம்பித்ததுமே அவள் எழுந்து போய்விட்டாள், அடுப்பங்கரையில் பாத்திரங்கள் ஓங்கி ஓங்கி வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. அதோடு விட்டுவிட்டார். யாரிடம் சொல்ல முடியும்? கண்ணைப் பறித்ததைப் பற்றி இப்படிச் சொன்னால் இவருக்கு மூளையும் கலங்கிவிட்டது என்பார்கள். மழை விட்ட காலை அது. புற்றுமண் ஈரத்தில் மணத்தது. மாகாளி பின்னால் எங்கேயோ பூட்ஸில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டு நின்றுவிட்டான். பாறையைச் சுற்றித் திரும்பியதும் எதிரில் அவள், அந்தக் கரடி, கை நீட்டினால் தொடுகிற தூரமில்லை, ஆனால் மூச்சு கேட்கிற தூரம். மெதுவாக, தன் பாட்டுக்கு, வீட்டு வேலை முடித்துத் திரும்புகிறவள் மாதிரி வந்துகொண்டிருந்தாள். முதுகில் இரண்டு குட்டிகள். ஒன்று தோள் மயிரை இறுகப் பிடித்திருந்தது, இன்னொன்று பின்னால் முகம் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மயிர் நுனியிலெல்லாம் மழைத்துளி, அப்போதுதான் வந்த வெயில் அதில் பட்டு, கறுப்பு முழுக்க மினுங்கிற்று. முன்னால் இருந்த குட்டி அவரைப் பார்த்தது. அவருக்குப் பயம் வரவில்லை. அட என்றுதான் இருந்தது. இத்தனை வருஷம் இந்தக் காட்டில் நடந்ததற்கு இதைக் காட்டிவிட்டது என்றுதான் நினைத்தார், சந்தோஷத்தில் நின்றுவிட்டார், அதுதான் நடந்தது, ஓடியிருக்க வேண்டிய நேரத்தில் நின்றுவிட்டார். பிறகு அவள் நிமிர்ந்து இரண்டு காலில் எழுந்தாள், குட்டிகள் சரிந்து விழுந்தன, நெஞ்சில் அந்த வெள்ளைப் பட்டை பளீரென்று தெரிந்தது. அதுதான் அவர் இந்த உலகத்தில் கடைசியாகக் கண்ணால் பார்த்தது. அவள் பிள்ளைகளோடு போய்க்கொண்டிருந்தாள், இவர் குறுக்கே வந்தார், அவள் செய்ய வேண்டியதைச் செய்தாள். அவர் மேல்தான் தப்பு என்றும் அவர் நினைத்ததில்லை, அவள் மேல் தப்பு என்றும் நினைத்ததில்லை. எத்தனையோ ராத்திரி அந்த முகம் கனவில் வந்திருக்கிறது, பயத்தில் விழித்திருக்கிறார், சட்டை நனைந்திருக்கிறது, அது உண்மைதான். ஆனால் அந்த நினைப்பைத் துழாவிக்கொண்டே போனால் அடியில் பயம் இல்லை. யாருக்கும் கிடைக்காத ஒன்று தனக்குக் கிடைத்தது என்ற பெருமை இருந்தது. அதை வெளியே எடுக்க முடியாமல் உள்ளேயே வைத்திருந்தார்.

கூட்டம் எழுந்து நின்றது, சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். குத்துவிளக்கு, மாலை, பேச்சு, இன்னொரு பேச்சு. பிறகு மாவட்ட வன அதிகாரி, டி.எஃப்.ஓ. அம்மா வந்தார்கள், வடக்கத்திக்காரர், தமிழைத் திருத்தமாகப் படிக்கிறவர், ஒவ்வொரு எழுத்துக்கும் மரியாதை கொடுத்துப் பேசுவார். நாணயத்தின் ஒரு பக்கம் அசோகச் சிங்கம் என்றார். மறுபக்கம், பேரிமலையின் பெருமையாக, முதுகில் இரண்டு குட்டிகளைச் சுமந்து செல்லும் தாய்க்கரடி என்றார். கைதட்டல் எழுந்தது, எழுந்த வேகத்தில் பாதியில் அறுந்தது. முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் நினைவு வந்துவிட்டது. மின்விசிறிகள் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. நூற்றுக்கணக்கான கண்கள் தன் முகத்தில் வந்து விழுவது ராக்கியப்பனுக்குத் தெரிந்தது. பின்வரிசை இருமல்கூட நின்றுவிட்டது. வசந்தாமணியின் விரல்கள் அவர் முழங்கையை இன்னும் இறுக்கின. அப்போதுதான் புரிந்தது, இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் சொன்ன ஒரே பொய் யானை என்பது. கரடி என்ற சொல்லை எடுத்து அவர் கையில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கோபம் வரும் என்று நினைத்தார், வரவில்லை. மைக்கில் முதல் பெயராக அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். வனக்காப்பாளர், வயர்லெஸ் இயக்குநர் ராக்கியப்பன் என்று பதவியைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், பாதிக்கப்பட்டவர் என்று சொல்லவில்லை. போக வேண்டாமுங்க என்று வசந்தாமணி மெதுவாகச் சொன்னாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"கூட்டிட்டுப் போ, வசந்தா" என்றார்.

அவள் எழுந்தாள். பிறகு அவர் கை அவள் தோளில் இருந்தது, பட்டுச்சேலை முன்னால் நடந்தது. மேடையில் பூமாலை வாசனையும் பெயின்ட் வாசனையும் கலந்திருந்தன. சின்னப் பெட்டியைக் கையில் வைத்தார்கள், வெல்வெட் துணி, நடுவில் வழவழவென்று வட்டமாக ஒரு பிளாஸ்டிக் உறை. நாணயம் அதற்குள் இருந்தது. அவர் நகத்தால் உறையின் விளிம்பைத் தேட, டி.எஃப்.ஓ. அம்மா பதறிப்போய், திறக்கக் கூடாது, கைரேகை பட்டால் பளபளப்பு போய்விடும், இதற்கென்றே உறை போட்டிருக்கிறார்கள் என்றார். எனக்குத் தொட்டாத்தானுங்கம்மா பாக்க முடியும் என்றார் ராக்கியப்பன். அவர் கேலியாகச் சொல்லவில்லை, அந்த அம்மாவும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியை வாங்கி அவரே உறையைப் பிளந்து, வெள்ளியை எடுத்து ராக்கியப்பனின் உள்ளங்கையில் வைத்து, மன்னிச்சுக்கோங்க என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். நாணயம் சில்லென்று இருந்தது, நினைத்ததைவிடக் கனம். பெருவிரல் நாணய விளிம்பின் பற்களைச் சுற்றி வந்து உள்ளே இறங்கியது. இது புல். இது கால், முன்னங்கால், நகம் நீளமாக, அப்படித்தான். இது தொங்கிய தலை. கழுத்து மயிர் சொரசொரத்தது. விரல் முதுகில் ஏறுவதற்கு முன் நின்றது, அவருடைய இதயம் வயர்லெஸில் கரகரப்புக்குப் பின்னால் வருகிற குரல்போலத் தூரத்தில் அடித்தது, இதோ பயம், எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறது. ஏறினார். ஒரு மேடு, சின்னக் காது, தோள் மயிரைப் பிடித்தபடி. அதற்குப் பின்னால் இன்னொரு மேடு, உருண்டையாக, முகம் புதைத்து. யாரோ ஒரு செதுக்குகிறவர், எந்த ஊரோ, எந்த நாணயச்சாலையோ, இவரை அறியாதவர், இவர் பார்த்ததைச் செதுக்கி வைத்திருக்கிறார். அவர் ஒருத்தர் மட்டும் உள்ளே வைத்திருந்தது இப்போது வெள்ளியில் இருக்கிறது, நாட்டுக்கே இருக்கிறது. மைக்கை அவர் முன்னால் நகர்த்தினார்கள். பேச வேண்டும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

"இதைச் செதுக்குனவங்க கரடியைக் கோவமாச் செதுக்கலீங்க" என்றார். "பிள்ளைகளைத் தூக்கிட்டு நடந்து போற மாதிரி செதுக்கியிருக்காங்க. நம்ம காட்டுல அது அப்படித்தானுங்க போகும். இந்தக் காட்டுல வேலை பாத்தவன்னு சொல்லிக்கிறதுக்கு எனக்குப் பெருமையா இருக்குதுங்க."

கைதட்டல் இந்தமுறை பின்வரிசையிலிருந்து கிளம்பியது, முகாம் ஆட்கள் எழுந்து நிற்கிற நாற்காலிச் சத்தம் கேட்டது, யாரும் உச்சுக்கொட்டவில்லை, அவர் காதைத் தீட்டிக் கேட்டுப் பார்த்தார், ஒருவர்கூட இல்லை. இறங்கி வந்து உட்கார்ந்தார். மேடையில் வேறு பெயர்களைக் கூப்பிட்டார்கள். வசந்தாமணி அவர் கையிலிருந்த நாணயத்தை எடுத்துக்கொண்டாள். அவள் அதை என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை, கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுக்கப்போகிறாள் என்று நினைத்தார், வீட்டுக்குப் போய் அலமாரியில் துணிக்கு அடியில் போட்டுவிடுவாள், போடட்டும், அவர் விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஜிப் சத்தம் வரவில்லை. அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், மூச்சு நாணயத்தின் மேல் படுகிற அளவுக்குக் குனிந்து. சாப்பாட்டுக்கு இறங்கலாம் என்று அறிவித்தார்கள், கூட்டம் கலைந்து அவர்கள் நாற்காலிகளை உரசிக்கொண்டு போயிற்று, யாரோ கூப்பிட்டதற்கு நீங்க போங்க, நாங்க அப்புறம் வர்றோம் என்றாள். பிறகு, பின்னாலிருக்கிற குட்டி தூங்குதா என்று கேட்டாள்.

ஆமாம், தூங்கிக்கொண்டுதான் இருந்தது என்றார்.

"மாகாளியண்ணன் குட்டியப் பத்தி ஒண்ணுமே சொன்னதில்லீங்களே."

"அவன் பாக்கலை" என்றார் ராக்கியப்பன். "நான்தான் பாத்தேன்."

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டாள். முழங்கால் முழங்காலில் இடித்தது. சொல்லுங்க என்று ஒரு சொல்தான் சொன்னாள், ஆஸ்பத்திரியில் பேசிய அதே குரலில். இத்தனை வருஷம் உள்ளேயே வைத்திருந்ததை எங்கே பிடித்து இழுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மண்டபம் காலியாகி மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

"காலையில நல்ல மழை, வசந்தா" என்று ஆரம்பித்தார். "விட்டதும் வெயில் வந்துச்சு."